மின்னலைப் படம் பிடிக்க முட்டம் பாறையில் ஏற வேண்டுமா?

கேள்வி இதுதான்: ஐப்பசி மழையில் மின்னல் படம் எடுக்க ஆசை. கையில் கேனான் 1500டி, அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு சாதாரண டிரைபாட். குமரி மாவட்டத்துக் கடற்கரையில் உள்ள முட்டம் பாறை மேல் நின்றால் கடலும் மின்னலும் ஒரே படத்தில் வருமா? கொஞ்சமாவது ரிஸ்க் எடுக்காமல் நல்ல மின்னல் படம் கிடைக்காது என்கிறார்களே, அது உண்மையா?

பின்னால் உள்ள கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். உண்மை இல்லை. மின்னலுக்குப் பக்கத்தில் போகப் போகப் படம் கெடத்தான் செய்யும். இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, கணக்கே அப்படித்தான் வருகிறது. நம் பக்கத்து இடிமேகம் நன்றாக வளர்ந்தால் 12 முதல் 15 கி.மீ. உயரம் வரை போகும். உங்கள் கேமராவைப் படுக்கைவாட்டில் வைத்து லென்ஸை 18-இல் வைத்தால் அது மேல்கீழாகச் சுமார் 45 பாகையும், பக்கவாட்டில் சுமார் 64 பாகையும் பார்க்கும். 20 கி.மீ. தள்ளி நிற்கும் 15 கி.மீ. உயர மேகத்தின் உச்சி, தொடுவானத்திலிருந்து 37 பாகையில் இருக்கும். அடியில் ஒரு கீற்றுக் கடலோ தென்னந்தோப்போ வைத்தாலும் மேகம் முழுதாக அடங்கிவிடும். பக்கவாட்டில் 25 கி.மீ. அகலத்துக்கு மின்னல் எங்கே இறங்கினாலும் படச் சட்டத்துக்குள் விழும். இதே மேகம் 5 கி.மீ.க்கு வந்துவிட்டால் உச்சி 70 பாகைக்கு மேலே போய்விடுகிறது. அப்போது உங்களுக்குத் தெரிவது மேகம் அல்ல, சாம்பல் நிறத்தில் ஒரு மேற்கூரை. முன்னால் மழைத்திரை வேறு விழுந்து மின்னல் கோட்டை மறைக்கும். லென்ஸில் தூறல். ஆபத்து உச்சத்தில், படம் குப்பை.

ஆகவே தேட வேண்டியது 20 முதல் 35 கி.மீ. வரை தள்ளி நின்று இடிமேகத்தைப் பார்க்கும் இடம். அந்த விஷயத்தில் குமரி மாவட்டத்தைப் போல வசதியான மண் குறைவு. வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலை மேகத்தைச் சமைக்கிறது, தெற்கே திறந்த கடற்கரை. இரண்டுக்கும் இடையில் நாம் கேட்கும் அதே தூரம்.

எப்போது என்பதைப் பார்ப்போம். வருஷத்தில் இரண்டு பருவம். சித்திரை, வைகாசியில் கோடை இடிமழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின் இடிமழை. இரண்டிலும் பகல் வெயிலில் சூடான காற்று மலைச்சரிவில் ஏற, கடற்காற்று ஈரத்தைக் கொண்டுபோய்க் கொட்ட, பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு மலை மேல் பூக்கோசு போல மேகம் எழும்பும். நாலு மணிக்கு அதன் தலை பட்டறைக்கல் மாதிரி தட்டையாக விரிந்தால் அன்றைக்கு மின்னல் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். மேலடுக்குக் காற்று கிழக்கிலிருந்து வீசும் நாள்களில் இந்த மேகங்கள் மேற்கே பேச்சிப்பாறை, குலசேகரம், திருவட்டாறு பக்கம் சரியும். அந்நேரம் கிழக்கு ஓரமான கன்னியாகுமரி, அஞ்சுகிராமம் பகுதியில் பெரும்பாலும் ஒரு சொட்டுகூட விழாது.

ஆனி, ஆடியில் இந்த வேலைக்குக் கிளம்ப வேண்டாம். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தாழ்ந்த, பரந்த மேகத்தின் மழை. சாரலும் காற்றும் பேரலையும் உண்டு, மின்னல் சொற்பம். புயல் நாளும் அப்படித்தான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி என்ன செய்தது என்று மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். புயலின் மையப் பகுதியில் மின்னலும் பொதுவாகக் குறைவு என்பதால், அந்த நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே போவதில் படமெடுப்பவனுக்கு ஆதாயம் ஒன்றுமில்லை.

இனி இடம். முட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். முட்டம் பாறையில் கடலைப் பார்த்து நின்றால் முகம் தெற்கே, தென்மேற்கே இருக்கும். மாலை இடிமேகம் எழுவது வடக்கே. மின்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் விளையாடிக்கொண்டிருக்கும். நீங்கள் வெறும் கடலைப் படம் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். கடல் மேல் இடிமேகம் வருவதும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் பின்னிரவிலும் விடியலுக்கு முன்பும், தரைக்காற்று கடலுக்குப் போகும் நேரத்தில். அந்த இருட்டில் பாறை மேல் நிற்பதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

வட்டக்கோட்டைப் பக்கக் கடற்கரை இதைவிட நூறு மடங்கு மேல். அங்கிருந்து வடக்கே மகேந்திரகிரி ஏறக்குறைய 30 கி.மீ. வடமேற்கே மலைத்தொடர் முழுக்க விரிந்து கிடக்கும். மாலையில் சூரியன் மேகத்துக்குப் பின்னால் இறங்குவதால் மேகத்தின் விளிம்பு தகதகவென்று இருக்கும், மலை கறுப்பாக நிற்கும். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, மாலையில் பூட்டிவிடுவார்கள்; ஆகவே கோட்டைக்கு வெளியே, வண்டி நிற்கும் இடத்தை ஒட்டியே இடம் பார்த்துக்கொள்ளுங்கள். சங்குத்துறை, சொத்தவிளையிலிருந்து வடக்கே பார்த்தாலும் நாகர்கோவிலைத் தாண்டி மலை 20 கி.மீ.க்கு மேல் இருக்கிறது. அங்கே படத்தின் முன்புறத்துக்குத் தென்னை கிடைக்கும். தேரூர், சுசீந்திரம் குளங்களில் பிரதிபலிப்பு அழகுதான். ஆனால் மலை கிட்டத்தில் இருப்பதால் மேகம் குளத்துக்கு மேல் வர அதிக நேரம் ஆகாது, குளத்தங்கரையோ வெட்டவெளி. காரைவிட்டு இறங்காமல் எடுப்பதாக இருந்தால் மட்டும் போகலாம்.

திருவள்ளுவர் சிலைக்குப் பின்னால் மின்னல் என்பது எல்லாருக்கும் இருக்கும் கனவு. 133 அடிச் சிலை, அதையும் விவேகானந்தர் பாறையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம், பின்னால் மன்னார் வளைகுடா மேல் மின்னல். இதற்குக் கடல் மேகம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை பின்னிரவுகளில், மேகம் கிழக்கிலோ தென்கிழக்கிலோ 20 கி.மீ.க்கு அப்பால் இருக்கும்போதுதான் வாய்க்கும். ஊருக்குள் கடலைப் பார்த்த ஒரு லாட்ஜின் மூன்றாவது மாடி அறை ஜன்னல் இதற்குப் போதும். மொட்டை மாடி கூடாது.

போகக்கூடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். மருந்துவாழ்மலை: சமவெளியில் தனியாக எழுந்து நிற்கும் பாறைக்குன்று, இடிமேகப் பிற்பகலில் அதன் உச்சியைவிட மோசமான இடம் இந்த மாவட்டத்தில் இல்லை, இறங்கி வரவும் நேரம் பிடிக்கும். மாத்தூர் தொட்டிப் பாலம்: 115 அடி உயரம், 1240 அடி நீளம், நடுவில் மாட்டிக்கொண்டால் ஒதுங்க எதுவும் கிடையாது. முப்பந்தல் காற்றாலைகள்: படத்துக்குப் பிரமாதமான முன்புறம், ஆனால் தூரத்திலிருந்து 55-இல் எடுக்க வேண்டிய பொருள். கோபுரத்தின் அடியில் போய் நிற்பது, அந்த வட்டாரத்திலேயே உயரமான கம்பத்தின் கால்மாட்டில் நிற்பது. அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளும் இந்தப் பட்டியலில்தான் வரும். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் நட்டுவைத்த மாதிரி நீங்கள். பேச்சிப்பாறை அணைப்பக்கம் போனால் மேகத்தின் அடிவயிற்றில் இருப்பீர்கள். மேலே சொன்ன கணக்குப்படி படமும் இல்லை.

தூரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் உள்ள விநாடிகளை 3-ஆல் வகுத்தால் கி.மீ. கிடைக்கும். பாட்டிமார் இடிக்கு ‘அர்ஜுனா, அர்ஜுனா’ என்பார்கள். நீங்கள் சொல்லிக்கொண்டே விநாடியையும் எண்ணிவிடுங்கள். 30 விநாடி என்றால் 10 கி.மீ. அதற்குக் கீழே வந்தால் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வெளியே வரக்கூடாது. இந்த விதிக்குக் கடற்கரையில் ஒரு ஓட்டை இருக்கிறது. அமைதியான இடத்தில் 15 கி.மீ. வரை கேட்கும் இடி, அலைச்சத்தத்திலும் காற்றிலும் அமுங்கிப்போகும். ‘இடியே கேட்கவில்லை, அதனால் தூரத்தில்தான் இருக்கிறது’ என்று கடப்புறத்தில் நின்று முடிவு செய்வது தப்பு. மழை விழும் இடத்திலிருந்து பத்து, பதினைந்து கி.மீ. விலகிக்கூட, தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும் வானத்தின் கீழே மின்னல் இறங்கும். மேகத்தின் தட்டையான தலை உங்கள் உச்சிக்கு மேல் நீண்டுவிட்டால் காதை நம்பாமல் கிளம்புங்கள்.

காதுக்குத் துணையாக போன் இருக்கட்டும். புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலி, நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கி.மீ. வட்டங்களுக்குள் சற்றுமுன் விழுந்த மின்னல்களைக் காட்டும். உள்வட்டத்தில் புள்ளி விழத் தொடங்கினால் டிரைபாடை மடக்க ஆரம்பிக்கலாம். மழை மேகத்தின் போக்குக்குத் திருவனந்தபுரம் ரேடார் படம். குமரி மாவட்டம் அதன் வீச்சுக்குள் நன்றாகவே வருகிறது. ரேடார் படத்தில் போட்டிருக்கும் நேரத்தைப் பார்க்காமல் ஏமாறுகிறவர்கள் உண்டு. யு.டி.சி. (உலகப் பொது நேரம்) என்று இருந்தால் ஐந்தரை மணி கூட்ட வேண்டும். படம் வெளியாகவே பத்து, பதினைந்து நிமிடம் தாமதம் ஆகலாம், அதற்குள் மேகம் சில கி.மீ. நகர்ந்திருக்கும்.

கண்ணும் தோலும் சொல்வதும் உண்டு. புழுக்கமாக இருந்த இடத்தில் மலைப்பக்கமிருந்து திடீரென்று குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தால், மேகத்திலிருந்து இறங்கிய காற்று உங்களைத் தொட்டுவிட்டது என்று பொருள். மழை பின்னாலேயே வரும். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் எப்போதும் காற்று என்பதால் அங்கே இந்த அறிகுறி குழப்பும். காற்றின் வேகத்தைப் பார்க்காமல் குளிரைப் பாருங்கள். கையில் மயிர் சிலிர்த்தாலோ, டிரைபாடோ குடைக்கம்பியோ ‘ஸ்ஸ்’ என்று இரைந்தாலோ கேமராவை அப்படியே விட்டுவிட்டு ஓட வேண்டும். அந்த நேரத்தில் ஒரு படம் எடுத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றும். அடுத்த சில விநாடிகளில் அடி விழலாம் என்பதற்கான அடையாளம் அது.

டிரைபாட் மின்னலை இழுக்குமா, கார்பன் டிரைபாட் என்றால் பத்திரமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். உலோகமா இல்லையா என்பதைவிட, சுற்றுப்புறத்தில் எது உயரமாகத் தனித்து நிற்கிறது என்பதே முக்கியம். வெறும் மணலில் நீங்கள்தான் உயரம். கார்பன் இழையும் மின்சாரத்தைக் கடத்தும். ரப்பர் செருப்பு பல கி.மீ. காற்றைக் கிழித்துக்கொண்டு வந்த மின்னலைத் தடுக்காது. நேரடியாகத் தலையில் விழுவதைவிட, பக்கத்தில் விழுந்து தரை வழியாகப் பரவி வரும் மின்சாரத்தால் அடிபடுகிறவர்களே அதிகம். அகலமாகக் காலை விரித்து நின்றால் ஒரு பாதத்துக்கும் மறு பாதத்துக்கும் உள்ள மின்னழுத்த வேறுபாடு உடம்பின் வழியே ஓடும். மரத்தடியில் நிற்கும் மாடு சாவதும் இப்படித்தான்: முன்காலுக்கும் பின்காலுக்கும் அவ்வளவு இடைவெளி. தென்னந்தோப்பிலும் ரப்பர் தோட்டத்திலும் ஒதுங்காதீர்கள். மரத்தில் இறங்கிய மின்னல் பக்கத்தில் நிற்பவர் மேல் தாவும். தென்னையடியில் வண்டியை நிறுத்தினால் காற்றில் மட்டையும் தேங்காயும் போனஸ்.

ஒதுங்க நல்ல இடம் இரண்டே: வயரிங்கும் குழாயும் உள்ள முழுக் கட்டடம், கண்ணாடியை ஏற்றிவிட்ட தகரக் கூரைக் கார். ஆட்டோ, பைக், பேருந்து நிழற்குடை, ஓலைக்கொட்டகை, நாலு பக்கமும் திறந்த மீன் ஏலக்கூடம் எல்லாம் மழைக்கு மறைவு, மின்னலுக்கு இல்லை. பைக்கில் வருகிறவர் என்றால் முதலில் கட்டடத்தைப் பார்த்து வைத்துவிட்டுத்தான் டிரைபாடை விரிக்க வேண்டும். ஓடி அடைய இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் அந்த இடம் வேண்டாம்.

யாருக்காவது அடிபட்டால்: அவர் உடம்பில் மின்சாரம் தங்கி இருக்காது, தொடலாம். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்; இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். மின்னலால் நின்ற இதயம், உடனே அழுத்தத் தொடங்கினால் மீள நல்ல வாய்ப்பு உண்டு.

பாறையும் அலையும் தனி விஷயம். சொல்லப்போனால் முட்டத்தில் மின்னலைவிட எனக்குப் பயம் இதுதான். கள்ளக்கடல் என்று நம் கடலோரத்தில் சொல்லும் பெயர் சும்மா வந்ததல்ல. தெற்கே ஆயிரக்கணக்கான கி.மீ.க்கு அப்பால் எழுந்த பேரலை, இங்கே காற்றே இல்லாத, வெயில் அடிக்கும் நாளில்கூடத் திருடன் மாதிரி வந்து ஏறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. பேரலை எச்சரிக்கை இருந்த நாள்தான் அது. ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையத்தின் எச்சரிக்கை ‘நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை’ என்று வரும். மாவட்டத்தின் மேற்கு ஓரம் முதல் கன்னியாகுமரிக்குக் கிழக்கே வரைக்குமான கரையைத்தான் அப்படிக் குறிப்பிடுகிறார்கள். அது வந்த நாளில் பாறை மேல் போகவே கூடாது.

மற்ற நாளிலும், கீழே இறங்கும் முன் மேலே நின்று இருபது நிமிடம் அலையை மட்டும் பாருங்கள். அலைகள் கூட்டமாக வரும்; நாலைந்து பெரிய அலை, பிறகு பல நிமிடம் அடக்கம். அடக்கத்தை மட்டும் பார்த்து இறங்குகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். பாறையில் ஈரக் கோடு எங்கே முடிகிறதோ அது இன்றைய அலை தொட்ட இடம்; அடுத்த அலை அதைத் தாண்டாது என்று உத்தரவாதம் இல்லை. பச்சைப்பாசி படிந்த பாறை, தண்ணீர் அடிக்கடி வந்து போகும் பாறை. அதன் மேல் எந்தச் செருப்பும் நிற்காது. இருட்டிய பிறகு இந்த இரண்டையும் பார்க்க முடியாது. அதனால் இருட்டில் பாறை மேல் வேலையே இல்லை.

இனி கேமரா. உங்களிடம் இருப்பது போதும். கூடுதலாக 2.5 மி.மீ. பின் கொண்ட, பட்டனைப் பூட்டும் வசதியுள்ள ஒரு வயர் ரிமோட் வாங்கினால் சரி.

மின்னல் படத்தில் ஒரே ஒரு தத்துவம் புரிந்தால் மற்றது தானாக வரும். ஒரு மின்வீச்சு நீடிப்பது விநாடியில் மிகச் சிறு பங்கு. ஷட்டர் 5 விநாடி திறந்திருந்தாலும் 30 விநாடி திறந்திருந்தாலும் மின்னல் கோட்டின் வெளிச்சம் மாறாது. அதை மாற்றுவது அபெர்ச்சரும் (லென்ஸ் துளையின் அளவு) ஐ.எஸ்.ஓ.வும் (சென்சாரின் ஒளி உணர்திறன்) மட்டுமே. ஊர் விளக்கு, வானம், கடல் இவற்றின் வெளிச்சத்துக்குத்தான் ஷட்டர். எனவே முதலில் மின்னலுக்கு அபெர்ச்சர், பிறகு சுற்றுப்புறத்துக்கு ஷட்டர்.

இருட்டியதும் எல்லாவற்றையும் நாமே வைக்கும் எம் மோடில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, 15 விநாடி என்று தொடங்குங்கள். லென்ஸின் பக்கத்தில் உள்ள இரண்டு சுவிட்சில் ஃபோகஸைக் கையால் திருப்பும் எம்.எஃப்.-க்கும், ஸ்டெபிலைசரை ஆஃபுக்கும் தள்ளுங்கள். லைவ் வியூவில் தூரத்து விளக்கு ஒன்றைப் பிடித்து, கடலில் நிற்கும் விசைப்படகோ செல்போன் கோபுரத்துச் சிவப்பு விளக்கோ எதுவானாலும் சரி, 10 மடங்கு பெரிதாக்கி, அந்தப் புள்ளி ஆகச் சிறியதாகும் வரை வளையத்தைத் திருப்புங்கள். இந்த லென்ஸில் தூர அளவுகோல் கிடையாது. வளையத்தைக் கடைசிவரை திருப்பி ‘முடிவிலி’ என்று விடுவது பலிக்காது, அது முடிவிலியையும் தாண்டிச் சுற்றும். ஃபோகஸ் ஆனதும் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். பிறகு ஜூமை மாற்றினால் ஃபோகஸும் நகர்ந்துவிடும், மறுபடி பார்க்க வேண்டும்.

படத்தை ரா-வில் (பின்னால் திருத்த வசதியான, சுருக்காத கோப்பு) எடுங்கள். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் ஏதாவது ஒன்றில் நிறுத்துங்கள். ஒயிட் ஃப்ளோரசன்ட் வைத்தால் இரவு வானம் நீலம் தட்டும். மெனுவில் ‘லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்’ ஆஃப். இதை மறந்தால் 15 விநாடி எடுத்ததும் கேமரா இன்னொரு 15 விநாடி கண்ணை மூடிக்கொண்டு உட்காரும், நல்ல மின்னல் எல்லாம் அந்த நேரம் பார்த்துத்தான் வரும். எடுத்த படத்தைத் திரையில் காட்டுவதையும் ஆஃப் செய்து, டிரைவைத் தொடர் எடுப்பில் வைத்து, ரிமோட் பட்டனை அழுத்திப் பூட்டிவிட்டால் ஒன்று முடிந்ததும் அடுத்தது இடைவெளியின்றி ஓடும். மின்னலைப் பார்த்துவிட்டு அமுக்கும் வேலை இல்லை. நீங்கள் காருக்குள் இருக்கலாம். மணிக்கு 240 படம், ஏறக்குறைய 7 ஜி.பி.; 32 ஜி.பி. கார்டு நாலு மணி நேரம் தாங்கும். பேட்டரி இரண்டு வேண்டும்.

முதல் மின்னல் விழுந்ததும் ஒரு தடவை நிறுத்திப் பார்க்க வேண்டும். கோடு மரத்தடி போலப் பருத்து, நடுவில் கிளைகள் தெரியாமல் வெள்ளையாக உருகியிருந்தால் துளையை எஃப் 11-க்குச் சுருக்குங்கள். நூல் மாதிரி மங்கலாக இருந்தால் எஃப் 5.6-க்கு விரியுங்கள், 30 கி.மீ.க்கு அப்பால் என்றால் ஐ.எஸ்.ஓ. 200 அல்லது 400. எஃப் 16 தேவைப்படுகிறது என்றால் கேமராவைத் திருத்த வேண்டாம், நீங்கள் நிற்கும் இடத்தைத் திருத்துங்கள். மேகம் பக்கத்தில் வந்துவிட்டது.

சிலையை வைத்து எடுக்கும்போது 15 விநாடி ஆகாது. ஒளிவெள்ளத்தில் சிலை வெள்ளைப் பொம்மையாகிவிடும். எஃப் 8, 4 விநாடி என்று ஆரம்பித்து, சிலையின் முகத்தில் விவரம் தெரிகிறதா என்று பாருங்கள். மணிக்கு 900 படம், 26 ஜி.பி. ஆகும், பெரிய கார்டு கொண்டுபோங்கள். பிறகு கணினியில் மின்னல் விழுந்த படங்களை ‘லைட்டன்’ முறையில் (ஒவ்வொரு புள்ளியிலும் அதிக வெளிச்சமானதை மட்டும் வைத்துக்கொள்ளும் முறை) அடுக்கலாம். ஒரு மணி நேர மின்னலை ஒரே வானத்தில் அடுக்கிவிட்டு ஒரே நொடி என்று சொல்லாதவரை அதில் தவறில்லை.

ஆகச் சிறந்த நேரம் சூரியன் மறைந்த பிறகு வரும் இருபது, முப்பது நிமிடம். வானத்தில் நீலம் இருக்கும், மேகத்தின் உருவம் தெரியும், மின்னலும் எடுக்கும். எஃப் 8-இல் 2 விநாடியில் தொடங்கி, நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஷட்டரை நீட்டிக்கொண்டே போனால் இருட்டும்போது 15-க்கு வந்திருப்பீர்கள்.

பகலில் கஷ்டம். லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் கனமான என்.டி. ஃபில்டர் போட்டு ஷட்டரை நீட்டலாம் என்பார்கள். ஃபில்டர் வானத்தை மட்டுமா மங்கச் செய்யும், மின்னலையும் அதே அளவு மங்கச் செய்யும். என்.டி. 8-க்கு மேல் போனால் மின்னல் கோடு பகல் வானத்தில் கரைந்துவிடும். எஃப் 11, என்.டி. 8, கால் விநாடி, தொடர் எடுப்பு என்று முயலலாம். இல்லையென்றால் மின்னல் டிரிகர். ஒரு மின்னலில் பெரும்பாலும் மூன்று, நாலு வீச்சு அடுத்தடுத்து ஒரே பாதையில் இறங்கும். முதல் வீச்சைக் கண்டு டிரிகர் ஷட்டரைத் திறக்க, பின்னால் வரும் வீச்சுகள் பதிகின்றன. ஒற்றை வீச்சு மின்னல் தப்பிவிடும், அதற்கு டிரிகரைக் குற்றம் சொல்லக்கூடாது. கேமரா தானாகத் தூங்கிப்போகும் அமைப்பை ஆஃப் செய்யாவிட்டால், விழித்தெழும் நேரத்தில் எல்லா மின்னலும் தப்பும்.

படம் ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் டிரைபாட்தான். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். கனத்துக்குப் பையைக் கொக்கியில் தொங்கவிட்டால் காற்றில் அதுவே ஊஞ்சலாடி ஆட்டும். பையின் அடி தரையைத் தொடுமாறு தொங்கவிடுங்கள். மணலில் கால் இறங்கிக்கொண்டே போகும், 15 விநாடிப் படத்தில் ஊர் விளக்கு எல்லாம் இரட்டையாகும். மூன்று சிரட்டையை (கொட்டாங்குச்சி) கவிழ்த்து ஒவ்வொரு காலுக்கும் அடியில் அழுத்தி வைத்தால் நிற்கும். கடற்கரையில் சிரட்டைக்கா பஞ்சம். காரிலிருந்து எடுப்பதானால் ஒரு துணிப்பையில் ஒரு கிலோ பயறு போட்டுக் கதவு விளிம்பில் வைத்து அதன் மேல் கேமராவை அமுக்குங்கள், என்ஜினை நிறுத்துங்கள். மேகம் 10 கி.மீ.க்குள் வந்ததும் கண்ணாடியை ஏற்றி, டேஷ்போர்டு விளக்கை மறைத்து, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி எடுக்கலாம்.

ஏ.சி. காரிலிருந்து எடுத்த கேமராவின் லென்ஸ் நம் கடற்கரை ஈரத்தில் உடனே வேர்த்துவிடும். துடைத்தாலும் திரும்ப வரும். வந்து சேர்வதற்கு இருபது நிமிடம் முன்பே ஏ.சி.யை அணைத்துவிடுவதுதான் வழி. உப்புத் தூவானம் லென்ஸில் ஒட்டினால் உலர்ந்த துணியால் தேய்க்க வேண்டாம், உப்புத் துகள் கோடு போடும். முதலில் லேசாக ஈரமான துணி, பிறகு காய்ந்த துணி. வீட்டுக்குப் போனதும் டிரைபாட் கால்களை முழுக்க நீட்டி நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். மூடி வைத்தால் பூட்டுகளுக்குள் மணலும் உப்பும் இறுகி, அடுத்த தடவை திறக்காது.

போன் மட்டும் இருக்கிறவர்களுக்கு: புரோ மோடில் ஐ.எஸ்.ஓ. 50 அல்லது 100, 8 விநாடி, ஃபோகஸ் முடிவிலி, போன் எதிலாவது சாய்ந்து அசையாமல் இருக்கட்டும். 4கே வீடியோ எடுத்து அதிலிருந்து ஒரு பிரேமைப் பிரிக்கலாம், ஏறக்குறைய 8 மெகாபிக்சல் கிடைக்கும். சில பிரேமில் பாதி மட்டும் வெளுத்திருக்கும். சென்சார் வரிவரியாகப் படிப்பதால் வருவது அது, போன் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். டிரோனை இந்த நேரத்தில் வெளியே எடுக்கவே வேண்டாம்.

முட்டம்தான் வேண்டும் என்று மனசு அடம் பிடித்தால் இப்படிச் செய்யலாம். பாறைக்கு இறங்காமல், மேலே வண்டி நிறுத்தும் இடத்தில் காரின் முகத்தை வடக்கே திருப்பி நிறுத்துங்கள். எச்சரிக்கை எதுவும் இல்லாத, பேச்சிப்பாறைப் பக்கம் மேகம் முழுதாக எழுந்த மாலை. அங்கிருந்து அது 30 கி.மீ.க்கு மேல். லென்ஸ் 24-ஐ ஒட்டி, அடியில் தென்னந்தோப்பின் கறுப்பு விளிம்பு. கலங்கரை விளக்கத்தைச் சட்டத்துக்குள் சேர்த்தால் அதன் சுழலும் ஒளி 15 விநாடியில் பலமுறை வந்து மேலே ஒரு வெள்ளைத் திட்டாகப் பரவும். அதைச் சட்டத்தின் ஓரத்துக்கு வெளியே தள்ளுங்கள், அல்லது ஷட்டரை 4 விநாடிக்குக் குறையுங்கள்.